அளவுக்கு மீறித் தெளிவான படம்

அத்தியாயம் 4

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் மறியல் சிறைக்குப் போய் ஆதிபா பார்த்ததில்லை.

சட்டத்தரணி றிஸ்வான் போனில் அனுப்பியிருந்த படத்தை அவள் விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கரை வைத்த சதுரப் படம். பட்டனை அமுக்கியதும் வயிற்றிலிருந்து படத்தைத் துப்புமே பழைய கமெரா, அதில் எடுத்தது. இரத்தோட்டைக்கு மேலே ஹுஸ்னி முதலாளியின் மிளகு ஸ்டோர் கதவுக்கு முன்னால், அங்கே வேலை செய்யும் இருளாண்டி நிற்கிறார். கையில் மண்ணெண்ணெய்க் கேன். சட்டையின் கட்டங்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. கழுத்துப் பட்டனில் ஓடிய நூல்கூடத் தெரிகிறது. படம் எடுத்ததாக முதலாளி சொல்லும் காலையில்தான் ஸ்டோர் எரிந்தது. ஊர்க்காரர்கள் காயவைக்கக் கொடுத்திருந்த மிளகு முழுவதும் உள்ளேயே கரியாகிப் போனது.

இருளாண்டிக்கு எதிராகப் பொலிஸிடம் இருந்த ஒரே சாட்சி இந்தப் படம்தான். வேறு எதுவும் தேவைப்படவில்லை. கையில் கேன், பின்னால் ஸ்டோர், பிறகு நெருப்பு. நாளைக் காலை பிணை கேட்டு றிஸ்வான் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்று என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த ஆளோட சட்டையையே பாக்குறீங்களே மிஸ், தைக்கக் குடுக்கப் போறீங்களா?" என்றான் விஜேந்திரன்.

விஜேந்திரன் த்ரீவீல் என்கிற ஆட்டோ ஓட்டுகிறவன். ஆதிபா எங்கே போனாலும் அவன் வண்டியில்தான் போவாள். அவனுடைய வாய்க்குத் தனியாக வாடகை கிடையாது, அது இலவசம். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அந்த மலையில் யார் யாருக்கு என்ன முறை என்பது அவனுக்கு அத்துப்படி.

ஆதிபா ஐம்பதைத் தாண்டியவள். காப்புறுதிக் கம்பனியொன்றுக்காக ஊரூராகப் போய் நசுங்கிய லொறிகளையும் எரிந்த கடைகளையும் படமெடுத்துக் கொடுத்த உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் விசாரணை அலுவலகம் போட்டாள். பெரும்பாலும் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கச் சொல்லித்தான் வருவார்கள். இப்படியொரு வழக்கு வருவது அபூர்வம். இருளாண்டியின் மனைவி பாப்பம்மா முந்தாநாள் வந்து, "எம் புருஷன் செஞ்சிருக்க மாட்டாரு" என்று ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எப்போது முடியும் என்றுகூடக் கேட்கவில்லை.

"முதலாளியோட வாக்குமூலத்தைப் படிச்சேனே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?" என்றாள் ஆதிபா.

"கேட்டேன். காலைல மழை. அவரு ரூமுக்குள்ள நின்னு யன்னல் கண்ணாடி வழியா பாத்தாராம். இருளாண்டி கேனோட திருட்டு முழி முழிச்சானாம். கமெரா பக்கத்துல இருந்திச்சாம், எடுத்தாராம். பொறகு குளிக்கப் போயிட்டாராம். நெருப்பு வைக்கப் போறவனைப் படம் புடிச்சுட்டுக் குளிக்கப் போற மனுசனை நான் இப்பத்தான் கேள்விப்படுறேன்."

"அதை விடு. யன்னல் கண்ணாடி வழியா. அதான் முக்கியம். வண்டியை எடு."

இரத்தோட்டைப் பாதையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு விஜேந்திரன் ஹோர்ன் அடித்தான். பின்னாலிருந்து ஆதிபா சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"முதலாளியோட கமெராவை றிஸ்வான் பாத்திருக்கார். மடிச்சா தட்டையா ஒரு புத்தகம் மாதிரி ஆயிருமாம். விரிச்சா லென்ஸுக்கு மேல தங்க நெறத்துல வட்டமா ஒரு சல்லடை இருக்காம். அந்தச் சல்லடைதான் அதுக்குக் காது."

"கமெராவுக்குக் காதா?"

"அந்த வகைக் கமெரா தூரத்தைக் கண்ணால பாக்காது. நமக்குக் கேக்காத ஒரு சத்தம் போடும். அது எதுலயாவது பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு பாத்து, அந்தத் தூரத்துக்கு லென்ஸைத் தானாவே திருப்பிக்கும். அப்பத்தான் படம் தெளிவா விழும்."

"வௌவால் மாதிரி."

"அதேதான். இப்ப சொல்லு. கண்ணாடிக்குள்ளால வெளிச்சம் போகும். சத்தம்?"

விஜேந்திரன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பஸ்காரன் சிங்களத்தில் அவனுடைய பரம்பரையை விசாரித்துவிட்டு விலத்திக்கொண்டு போனான்.

"போகாது மிஸ்! கண்ணாடியிலயே முட்டித் திரும்பிரும். அப்ப கமெரா, நமக்கு முன்னால இருக்கிறது இந்தக் கண்ணாடிதான்னு நெனைச்சு..."

"கண்ணாடிக்குத் தெளிவு வெச்சிரும். கண்ணாடியில இருக்கிற தூசி, மழைத்துளி எல்லாம் அச்சு மாதிரி விழும். அந்தப் பக்கம் நிக்கிற இருளாண்டி கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கிப்போவாரு. இருட்டு மழையில லென்ஸ் அகலமாத் திறக்கும், கலங்கல் இன்னும் மோசமா இருக்கும். கம்பனிக் காலத்துல நானே நிறையப் படத்தை இப்படிப் பாழாக்கியிருக்கேன்."

"அப்ப முடிஞ்சிச்சே! திருப்பிருவமா வண்டிய?"

"முடியல. அந்தக் காதை மூடிட்டு, சக்கரத்தைக் கையால திருப்பியும் தெளிவு வைக்கலாம். அவர் அப்படித்தான் எடுத்தேன்னு சொன்னா நம்ம கதை கந்தல். அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறோம்."

"கேட்டா சொல்லுவாரா?"

"யார் கேக்கப் போறது? பாராட்டப் போறேன்."

ஹுஸ்னி முதலாளியின் பங்களா மேட்டில் இருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் நின்ற இடத்தில் கருகிய தூண்களும் முறுக்கிக்கொண்ட தகரமும். எரிந்த மிளகின் காரம் மழையிலும் மூக்கில் ஏறியது. முதலாளி வாசலுக்கு வந்து ஸலாம் சொன்னார். அறுபது வயது, இடுப்பில் வெள்ளைச் சாரம், வெற்றிலை போடாத சுத்தமான வாய்.

"வாங்கோ தங்கச்சி. றிஸ்வான் லோயர் கோல் எடுத்திச்சி. கேக்க என்ன இரிக்கி? நான் சென்னது எல்லாம் பொலிஸ்ல இரிக்கி."

"கேக்கிறதுக்கு ஒண்ணுமில்ல நானா," என்று அவரை அண்ணன் முறை வைத்து அழைத்தாள் ஆதிபா. "கமெராவப் பாக்கத்தான் வந்த. இப்படிப் பழைய சாமான் இன்னும் வேல செய்யுமான்னு கோட்ல கேப்பாங்க. வேல செய்யிதுன்னு நான் கண்ணால பாத்துட்டா பிரச்சின முடிஞ்சிது."

முதலாளியின் முகம் மலர்ந்தது. அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரே கண்ணாடியாகப் பெரிய யன்னல். கீலும் இல்லை, கொக்கியும் இல்லை. வெளிப்பக்கம் மழைத்துளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அல்மாரியிலிருந்து தோல் போர்த்திய தட்டையான பெட்டியை எடுத்து அதன் தலையைப் பிடித்து இழுத்தார். கமெரா கூடாரம்போல எழுந்து நின்றது. தங்க நிறச் சல்லடை மின்னியது.

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஆதிபா, உண்மையான ஆசையோடு. "இதுல தெளிவு வெக்கிறது பெரிய கஷ்டமாச்சே? சின்னச் சக்கரம் ஒண்ட உருட்டி உருட்டி, கண்ண இடுக்கிப் பாத்து..."

"என்னத்துக்கு உருட்டுற!" முதலாளிக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "அது விலை கொறஞ்ச கமெராக்கு. இது தானாப் பாக்குற சாதி. என்ட தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்தது. நான் ஒருநாளும் சக்கரத்தத் தொட்டதில்ல. அமத்தினா கிர்ருண்டு அளந்துபோடும்."

விஜேந்திரன் இருமினான். அது சிரிப்பு என்பது ஆதிபாவுக்கு மட்டும் தெரிந்தது.

"அண்டைக்கும் அப்படித்தானே நானா எடுத்த?"

"வேற எப்படி? இந்தா, இந்த எடத்துல நிண்டு. அமத்தினேன். விழுந்திச்சி."

"அப்ப அதேமாதிரி எனக்கும் ஒண்டு எடுத்துக் காட்டுங்கோ. விஜேந்திரன், நீ போய் ஸ்டோர் கதவு இருந்த எடத்துல நில்லு."

"இந்த மழையிலயா மிஸ்?"

"இருளாண்டி நின்னாரே."

"அவருக்கு நெருப்பு வெச்சுக் குளிர் காயுற திட்டம் இருந்திச்சு. எனக்கு என்னா இருக்கு?" என்று முனகிக்கொண்டே போனான். கருகிய தூணுக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கிய வாளியைத் தூக்கிப் பிடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றான்.

முதலாளி கண்ணாடிக்குக் கிட்டே நின்று அமுக்கினார். கமெரா கிர்ரென்று இழுத்துப் படத்தை வெளியே தள்ளியது. ஆதிபா அதைச் சட்டென வாங்கி வெளிச்சம் படாமல் கவிழ்த்து மேசை விரிப்புக்கடியில் வைத்தாள். இந்தப் படங்கள் இருட்டில் கொஞ்ச நேரம் கிடந்துதான் முகம் காட்டும்.

காத்திருந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. முதலாளி கமெராவை மடிக்கப் பார்த்தார். மடியவில்லை. தலையை அமுக்கினார், பக்கத்தை அமுக்கினார், மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் பலமாக அமுக்கினார். உள்ளே ஏதோ கறுமுறு என்றது.

தட்டில் பிளேன்டீ கொண்டுவந்த வேலைக்காரப் பெண், தட்டை மேசையில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் கமெராவை அவர் கையிலிருந்து வாங்கினாள். பக்கவாட்டில் முட்டுக் கொடுத்திருந்த சின்னத் தகட்டை ஒரு விரலால் பின்னுக்குத் தள்ளினாள். கமெரா தானாகப் படுத்துக்கொண்டது. அதை மேசையில் வைத்துவிட்டுச் சீனிப் போத்தலைத் திறந்தாள். தான் செய்தது அவளுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். பலமுறை செய்து பழகிய காரியத்தைக் கை தானே செய்துவிடும்.

"உன் பேரென்னம்மா?" என்றாள் ஆதிபா.

"ரஜனிங்க."

"இருளாண்டிட மகள்தான்," என்றார் முதலாளி அவசரமாக. "தகப்பன் செஞ்சதுக்குப் புள்ள என்ன செய்யும்? நான் வேலைய விட்டு நிப்பாட்டல்ல."

ரஜனி தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

விஜேந்திரன் நனைந்து போய் உள்ளே வந்தான். ஆதிபா விரிப்பைத் தூக்கிப் படத்தைத் திருப்பினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

மழைத்துளிகள் விழுந்திருந்தன. அவ்வளவு அழகாக, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, துளிக்குள் ஒளிரும் வெளிச்சத்தோடு. கண்ணாடியின் மூலையில் ஒரு சிலந்தி இழைகூட இருந்தது. அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோவொன்று உருகி வழிந்துகொண்டிருந்தது.

"இது நானா?" என்றான் விஜேந்திரன். "எங்க அம்மாகிட்ட காட்டினா பலாமரம்னு சொல்லும்."

 ஆதிபா போனை எடுத்து இருளாண்டியின் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். கட்டங்கட்டமாகச் சட்டை. கழுத்துப் பட்டன். அதில் நூல்.

"ஒரே எடம், ஒரே கமெரா, அதே மழ. அண்டைக்கு மட்டும் கண்ணாடி எங்க போச்சி நானா?"

"அண்டைக்கு... அண்டைக்கு யன்னலத் தொறந்து..."

"இந்த யன்னலுக்குத் தொறக்கிற வழியே இல்லையே."

"அப்ப வெளிய வந்து எடுத்திருப்பேன். யாருக்கு ஞாபகம்?"

"வெளிய வந்தீங்கண்டா அவரு உங்களப் பாத்திருப்பாரு. கேனோட நிக்கிறவர நீங்களும் தடுத்திருப்பீங்க. அதாலதானே உள்ளுக்கு நிண்டேண்டு கையெழுத்து வெச்சீங்க?"

ஹுஸ்னி முதலாளி யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.  பிறகு மிக மரியாதையாக, "டீ ஆறிப்போகுது தங்கச்சி, குடிச்சிட்டுப் பொறப்படுங்கோ" என்றார். போகச் சொல்கிறார் என்று அர்த்தம். ஆதிபா டீயைத் தொடாமல் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வண்டியில் ஏறும்போது விஜேந்திரனின் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"மிஸ், எனக்கு ஒண்ணு இடிக்குது. நம்ம லயத்து ஆளுங்க போட்டோவுக்கு நிக்கிறப்போ கழுத்துப் பட்டனைப் போடுவாங்க. தலையில கட்டியிருக்கிற துண்டை எறக்கி மடிச்சுக் கையில போட்டுக்குவாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான். இந்த ஆளும் அப்படித்தான் நிக்கிறாரு, பாருங்க. நெருப்பு வைக்கப் போறவன் மழையில துண்டைக் கழட்டிப் பட்டன் போட்டுக்கிட்டா போவான்?"

"போட்டோவுக்குன்னு நின்னிருக்கார்."

"ஆமா. ஆனா மொதலாளிக்கு முன்னால நிக்கல. மொதலாளி எடுத்தா கேனைக் கீழ வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. இதுல கேனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறாரு. ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊத்துறது அவரு வேலை. வேலை நடுவுல யாரோ செல்லமான ஆளு, நில்லுங்க நில்லுங்கன்னு சொல்லியிருக்கு."

கமெராவை மடித்த அந்த ஒற்றை விரல் ஆதிபாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. வெளியே மழையில் நின்றிருந்த விஜேந்திரனிடம், ரஜனி அதை மடித்த விதத்தைச் சொன்னாள். 

வேலை முடிந்து ரஜனி குறுக்குப் பாதையால் இறங்கி வரும்வரை கோயிலடிச் சந்தியில் காத்திருந்தார்கள். த்ரீவீலைக் கண்டதும் அவள் ஓடவில்லை. குடையை மடித்துவிட்டு நேராக வந்து நின்றாள்.

"கமெராவை மடிச்சப்பவே நெனைச்சேன், நீங்க பாத்துட்டீங்கன்னு," என்றாள்.

"எப்ப எடுத்த படம் அது?"

"ரொம்ப முந்தி. ஜஸ்லா அக்கா, மொதலாளியோட மக, கல்யாணம் முடிச்சுக் கண்டிக்குப் போறதுக்கு முந்தி எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மிச்சமிருந்த பிலிம்ல அப்பாவை ஒண்ணு எடுத்தேன். என் பெட்டியிலதான் கிடந்திச்சு."

"முதலாளி அதைத் திருடிட்டாரா?"

ரஜனி ஆதிபாவை நிமிர்ந்து பார்த்தாள். இருபது வயதுப் பெண்ணின் பார்வை இல்லை அது.

"இல்ல. நான்தான் கொண்டுபோய் அவரு மேசை மேல வெச்சேன்."

விஜேந்திரன் சீட்டிலிருந்து இறங்கி வந்தான்.

"ஸ்டோர்ல மிளகு காயவைக்கிற அடுப்பை மூட்டிவிட்டுட்டுத் தூங்கிப்போனது மொதலாளி. எரிஞ்சதும் ஊர் முழுக்க வந்து முத்தத்துல நின்னுச்சு. பழி போட அவருக்கு யாராவது ஒரு ஆளு வேணும். எனக்கும் அப்பா வீட்டுல இல்லாம இருக்கணும். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தையும் பேசிக்கல மிஸ். நான் படத்தை வெச்சேன். அவரு எடுத்துக்கிட்டாரு."

"ஏம்மா?"

"அம்மா கை ரெண்டு தரம் ஒடைஞ்சிச்சு. ரெண்டு தரமும் கொழுந்து மலையில வழுக்கி விழுந்திட்டான்னு ஆஸ்பத்திரியில சொன்னோம். நான்தான் சொன்னேன், அம்மா வாயைத் தொறக்காது. இப்ப அவரு உள்ள இருக்கிற நாள்லதான் அம்மா ராத்திரியில முழுசாத் தூங்குது. நான் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பேன், மூச்சு எவ்வளவு அமைதியா வருதுன்னு."

 ஆதிபாவுக்குப் பொய்யைக் கண்டுபிடித்த சந்தோஷம் முழுவதும் கசந்துபோயிற்று. கைப்பைக்குள் கிடந்த படம் காலையில் அவளுக்குக் கிடைத்த வெற்றி. இப்போது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்பா என்னை அடிச்சதில்ல," என்றாள் ரஜனி, கேட்காமலேயே. "ஒரு தரங்கூட இல்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல."

லயத்தில் பாப்பம்மா வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். ஆதிபா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, மழைத்துளி, கமெராவின் காது, எல்லாவற்றையும். மகளின் பெயரைச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பாப்பம்மாவின் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"அப்ப விட்டுருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற சாட்சி இல்ல. நாளைக்கே விட்டுருவாங்கன்னு லோயர் சொல்றார்."

பாப்பம்மா கையிலிருந்த குழையைக் கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். புருஷன் மறியல்ல கெடக்கான், நீ கல்லு மாதிரி இருக்கியேன்னு லயத்துல எல்லாரும் பேசினாங்க. யார்கிட்டயாவது போய்த்தான் ஆகணும். கடைத்தெருவுல விசாரிச்சேன். ஒரு பொம்பள இருக்கா, மாப்பிள்ளை விசாரிக்கிறவ, அவளால இதெல்லாம் கண்டுபுடிக்க ஏலாதுன்னு சொன்னாங்க. அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

தன் தொழிலில் ஆதிபா எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறாள். கண்டுபிடித்ததற்காக ஏச்சுக் கேட்டிருக்கிறாள், பிந்தியதற்காகவும் கேட்டிருக்கிறாள். கண்டுபிடிக்க மாட்டாள் என்று நம்பி ஒருத்தி தேடி வந்தது இதுதான் முதல் தடவை. அந்த நம்பிக்கையைத்தான் கெடுத்துவிட்டாள்.

"எங்க ராத்தா வீடு மாத்தளையில இருக்கு," என்று தன் அக்காவின் வீட்டைச் சொன்னாள். "பின்னால ஒரு அறை சும்மா கிடக்கு. நீங்களும் மகளும் வந்து இருங்க. இன்னைக்கே வாங்க. வண்டி நிக்குது."

"ஆடு இருக்கே மிஸ். லயத்துல இந்தக் காம்பரா வீடு அவரு பேருல. நான் போயிட்டா, புருஷன் வெளிய வந்த நாள் பார்த்து ஓடிப்போயிட்டான்னு சொல்லுவாங்க. பொறகு ரஜனிக்கு யாரு வருவா?" பாப்பம்மா குழையைத் திரும்ப எடுத்தாள். "குடுக்காம விட்டுருங்களேன் அந்தப் படத்தை."

கீழே இறங்கி வரும் பாதையில் விஜேந்திரன் ஹோர்ன் அடிக்கவேயில்லை.

"குடுக்கத்தான் போறீங்களா மிஸ்?"

"செய்யாத குற்றத்துக்கு ஒருத்தனை உள்ள வைக்கத் தெரிஞ்சே விடச் சொல்றியா?"

"செஞ்ச குத்தம் ஒண்ணு இருக்கே."

"அதுக்கு யாரும் முறைப்பாடு குடுக்கல. குடுத்தா நானே கூட்டிக்கிட்டுப் போவேன். நாளைக்கு ஹுஸ்னி இன்னொரு படத்தைக் கொண்டுவந்து உன்னை உள்ள போட்டா? அதுக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கவா?"

அவள் சொன்னது நியாயம்தான். அதில் எங்கும் ஓட்டை இல்லை. ஆனாலும் சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இவ்வளவு சரியாக இருந்துகொண்டு இவ்வளவு கேவலமாக அவள் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

மறுநாள் றிஸ்வான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். யார் எடுத்தார்கள் என்ற பேச்சே எழவில்லை. கண்ணாடி வழியே எடுக்கப்படவில்லை என்பது போதுமாக இருந்தது. ஹுஸ்னி முதலாளியிடம் திரும்ப வாக்குமூலம் எடுக்கச் சொல்லிப் பொலிஸுக்கு உத்தரவானது. இருளாண்டி பிணையில் வெளியே வந்தார்.

ஆதிபா நினைத்திருந்த ஆள் இல்லை அவர். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். நீதிமன்ற வாசலில் அவளைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பின்னால் பாப்பம்மா, அவருடைய உடுப்புப் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். ரஜனி வரவில்லை.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் தணிந்த குரலில். "எம் புள்ளையோட பேரு எதுலயும் வரலையே?"

"வரல."

"அது போதுங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தப் படம் அவ எடுத்தது. மொதலாளி எப்படியோ களவெடுத்திருக்காரு. டேசன்ல அடிச்சுக் கேட்டாங்க, நான் ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பாங்க. பொம்பளப் புள்ளைய டேசனுக்குக் கூப்பிட்டு நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? கெடந்தா நான் கெடந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."

அவரை வெறுக்க வேண்டும் என்று ஆதிபா முழு இரவும் தயாராகி வந்திருந்தாள். இப்போது முடியவில்லை. முடியவில்லையே என்பது வெறுப்பைவிடக் கொடுமையாக இருந்தது.

"இருளாண்டி," என்றாள். "வீட்டுல இனிமே கை நீட்டினீங்கன்னா எனக்குத் தெரியவரும். நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவர் புரியாதவர்போல அவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும், பேசியிருக்கக் கூடாது என்று ஆதிபாவுக்கு விளங்கிவிட்டது.

"ஊரெல்லாம் போய்ச் சொன்னியா?" என்றார் பாப்பம்மாவிடம், அதே தணிந்த குரலில். "சரி. பைய எடு."

பாப்பம்மா பையை எடுத்தாள். அவர் முன்னால் நடந்தார். இரத்தோட்டை பஸ்ஸில் அவருக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் பையோடு நின்றுகொண்டே போனாள்.